வட்டிக் காசும் விலை உயர்ந்த நீலமும்

கேள்வி: மகளின் பாடப் புத்தகத்தில், இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகர வியாபாரிகள் ஓவியர்களை ஆதரித்தார்கள் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். வியாபாரிகளுக்கு ஓவியத்தின் மேல் அவ்வளவு ஆசையா? (வாசகி, கீழக்கரை)

பதில்: ஆசையும் உண்டு, பயமும் உண்டு. எனக்கென்னவோ பயம்தான் தூக்கலாகத் தெரிகிறது. ஃபுளோரன்ஸ் கம்பளித் துணியில் சம்பாதித்த ஊர். 1252இல் மூன்றரை கிராம் தங்கத்தில் ஃபுளோரின் என்று சொந்த நாணயமே அடித்தார்கள், அப்புறம் சேர்ந்த பணத்தைக் கடனுக்கு விட ஆரம்பித்தார்கள். சிக்கல் அங்கேதான். வட்டி வாங்குவது பாவம் என்றது திருச்சபை (கீழக்கரைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை). 1397இல் ஃபுளோரன்ஸின் மெடிசி குடும்பம் தொடங்கிய வங்கி, ஓர் ஊரில் பணம் வாங்கி வேறோர் ஊரில் வேறு நாணயத்தில் தீர்க்கும் உண்டியல் சீட்டு எழுதி, நாணய மாற்று விலைக்குள் லாபத்தை ஒளித்து வைத்தது. ஆனாலும் மனசு உறுத்தும் இல்லையா? பதுவா நகரத்தில் ஸ்க்ரோவேஞ்ஞி என்ற பணக்காரர் கட்டிய தேவாலயத்தின் சுவர்களை 1305 வாக்கில் ஜோத்தோ வரைந்து நிரப்பினார். கட்டியவரின் அப்பா பெரிய வட்டிக்காரர், கவிஞர் தாந்தே அவரை நரகத்திலேயே உட்கார வைத்துவிட்டார்.

புண்ணியத்துக்குக் கொடுத்தாலும் கை தாராளம் என்று நினைத்துவிடாதீர்கள். 1485இல் ஃபுளோரன்ஸின் அநாதைக் குழந்தைகள் இல்லம் ஒன்று ஓவியர் கிர்லாந்தாயோவிடம் படம் கேட்டபோது எழுதிய ஒப்பந்தம் இன்னும் இருக்கிறது: கூலி 115 ஃபுளோரின், நீல வண்ணம் மட்டும் அவுன்ஸ் 4 ஃபுளோரின் விலையுள்ளதாக இருக்க வேண்டும். அந்த வண்ணத்தை அரைத்தெடுக்கும் நீலக் கல் ஆப்கானிஸ்தான் மலையிலிருந்து கை மாறி கை மாறி வந்தது, மட்டமானதைப் பூசிவிட்டால் என்ன செய்வது? கல்யாணப் பட்டில் ஜரிகையை உரசிப் பார்க்கிற அதே புத்திதான். உங்கள் ஊர் சீதக்காதி உமறுப் புலவரிடம் இப்படிப் பத்திரம் எழுதி வாங்கியதாகக் கேள்விப்பட்டதில்லை.

கேள்வி: அந்த இத்தாலிக்காரர்கள் யாராவது நம் கடலைப் பற்றி எழுதியிருக்கிறார்களா? (வாசகர், தொண்டி)

பதில்: வெனிஸ்காரர் மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார், 13ஆம் நூற்றாண்டின் கடைசியில். இலங்கைக்கும் நமக்கும் நடுவே நடந்த முத்துக்குளிப்பை வியாபாரி வீட்டுப் பிள்ளைக்கே உரிய கண்ணோடு பார்த்திருக்கிறார். எடுத்ததில் பத்தில் ஒரு பங்கு ராஜாவுக்கு, குளிப்பவர்களைத் தாக்காமல் பெரிய மீன்களை மந்திரத்தால் கட்டி வைக்கிறவர்களுக்கு இருபதில் ஒரு பங்கு. இரவானால் மந்திரத்தை அவிழ்த்து விட்டுவிடுவார்களாம், எவனும் இருட்டில் திருட்டுத்தனமாகக் குளிக்கக் கூடாதே! நம் முத்தும் மிளகும் பெரும்பாலும் செங்கடல், அலெக்சாந்திரியா வழியாக வெனிஸ் போய்ச் சேர்ந்தன.

கேள்வி: பணம் கொடுத்தவர்கள் சாமிப் படத்தில் தங்கள் முகத்தையும் வரையச் சொன்னார்களாமே, உண்மையா? (வாசகர், ராமநாதபுரம்)

பதில்: உண்மைதான். மெடிசி மாளிகையின் சிறு தேவாலயத்தில் 1459இல் பெனோத்ஸோ கொத்ஸோலி வரைந்த சுவரைப் பாருங்கள். குழந்தை இயேசுவைப் பார்க்கப் போகும் மூன்று அரசர்களின் ஊர்வலத்தில் மெடிசி குடும்பமே குதிரையிலும் கோவேறு கழுதையிலும் ஏறிப் போகிறது. சரி, அவ்வளவு தூரம் எதற்கு? உங்கள் ஊர் ராமலிங்க விலாசம் அரண்மனைக்குப் போய் அண்ணாந்து பாருங்கள், புராணக் கதைகளுக்குப் பக்கத்திலேயே சேதுபதி நிற்கிறார்.