அதிபர் ஆட்சிமுறையில் நாடாளுமன்றம் வெறும் பேச்சு மன்றமா?

அப்படி ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது என்பதற்குத் தென்கொரியாவே சான்று. 2024 டிசம்பர் 3 இரவு அதிபர் யூன் சுக் யோல் இராணுவச் சட்டத்தை அறிவித்தபோது, படையினர் நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் நுழைந்துகொண்டிருக்க, உறுப்பினர்களுள் சிலர் மதிலேறிக் குதித்து வந்துசேர, 300 பேரில் 190 பேர் நள்ளிரவு கடந்து கூடி, அதை நீக்கக் கோரும் தீர்மானத்தை எதிர்ப்பின்றி நிறைவேற்றினர். மொத்த உறுப்பினர்களில் பெரும்பான்மையினர் கோரினால் அதிபர் இணங்கியே ஆகவேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 77ஆம் பிரிவு. டிசம்பர் 14 அன்று 204 வாக்குகளால் பதவிநீக்கத் தீர்மானமும் நிறைவேறியது. ஆனால் இறுதித் தீர்ப்பு அரசியலமைப்பு நீதிமன்றத்தின் கையில்தான் இருந்தது. அன்றாட ஆட்சியிலோ நாடாளுமன்றத்தின் கை இவ்வளவு ஓங்குவதில்லை: வரவுசெலவுத் திட்டத்தில் தொகையைக் குறைக்கலாம், அரசின் இசைவின்றிக் கூட்ட முடியாது. அதிபர் திருப்பியனுப்பும் மசோதாவை மீண்டும் நிறைவேற்ற, வாக்கெடுப்புக்கு வந்தோரில் மூன்றில் இரண்டு பங்கினரின் ஆதரவு தேவை. ஆளுங்கட்சி பிளவுபடாதவரை அது பெரும்பாலும் எட்டாக்கனியே.