வேலி யார் பொறுப்பு?

கேள்வி: எங்கள் கடலைக் கொல்லையில் பிறர் மாடு இறங்கினால், "நீங்கள் ஏன் வேலி அடைக்கவில்லை?" என்று என்னையே கேட்கிறார்கள். அமெரிக்காவில் இதற்கு என்ன விதி? ரயில் பாதைக்கு வேலி யார் போட வேண்டும்?
– ஒரு வாசகர், தேவகோட்டை.

பதில்: அந்தக் கேள்வி உங்களிடம் கேட்கத் தக்கதன்று. 1871ஆம் ஆண்டுக் கால்நடை அத்துமீறல் சட்டத்தின்படி, பயிரை அழிக்கும் மாட்டைப் பயிரிட்டவர் பிடித்து 24 மணி நேரத்துக்குள் கொண்டித்தொழுவுக்கு அனுப்பலாம். உரியவர் தண்டமும் தீவனச் செலவும் கட்டித்தான் அதை மீட்க முடியும்.

அமெரிக்காவின் தென், மேற்கு மாநிலங்கள் பலவற்றில் வழக்கம் நேர்மாறாக இருந்தது. மாடு திரியலாம், வேலி கட்டுவது பயிர்க்காரர் கடமை. நமக்காவது வெட்டிப் போடக் கருவேல முள் உண்டு. மரமே அரிதான அந்தப் புல்வெளிகளில் இது எத்தனை பெரிய சுமை! முறுக்கிய இரு கம்பிகளுக்கிடையே முள் நகராதபடி பூட்டிய கம்பிக்கு 1874இல் ஜோசப் கிளிடன் காப்புரிமை பெற்றபின் அந்தச் சுமை குறைந்தது. ஆனால் டெக்சாஸில் பெரும் பண்ணையாளர் சிலர் பொது நிலத்தையும் நீர்நிலைகளையும் சேர்த்தே வளைத்துவிட, 1883 வறட்சியில் தண்ணீருக்குத் தவித்தவர்கள் இரவோடிரவாகக் கம்பிகளை வெட்டினார்கள். 1884இல் வந்த சட்டம் வேலி வெட்டுவதைப் பெருங்குற்றமாக்கியதோடு, பிறர் நிலத்தை வளைப்பதையும் தடுத்தது. இரு தரப்பையும் கட்டுப்படுத்தியதால் அது நியாயமானது என்றே கருதுகிறேன்.

ரயில் பாதையோரம் வேலியிடும் கடமையை அங்கே பல மாநிலங்கள் நிறுவனங்கள்மீதே சுமத்தின; வேலியில்லாத இடத்தில் மாடு அடிபட்டால் அவை இழப்பீடு தர வேண்டும். நம் 1890ஆம் ஆண்டு ரயில்வே சட்டமோ மாட்டுக்காரருக்குத் தலைக்கு 5 ரூபாய் வரை அபராதம் விதித்தது. அதுவும் மாடு நுழையாதபடி தக்க வேலி போட்ட பாதையில் மட்டுமே.