உச்சிப்புளியில் ஆப்பிள் ஏன் பூப்பதில்லை?

கேள்வி: உச்சிப்புளியில் தென்னந்தோப்பு ஓரம் இரண்டு ஆப்பிள் கன்று வைத்து மூன்று வருடமாகிறது. ‘45 டிகிரி வெயிலையும் தாங்கும்’ என்று சொல்லி விற்றார்கள். முதல் வருடம் நாலைந்து பூ வந்தது. அப்புறம் இலை மட்டும்தான். விற்றவர் பூ மருந்து ஊற்றச் சொல்கிறார். ஊற்றலாமா?

பதில்: ஊற்றாதீர்கள். ‘பூ மருந்து’ என்று விற்பது பெரும்பாலும் மாமரத்துக்கு ஊற்றும் பாக்லோபியூட்ரசால் என்ற வளர்ச்சி ஒடுக்கி. அளவு மிஞ்சினால் கணு குறுகி மரம் குட்டையாய் நின்றுவிடும். மண்ணிலிருந்தும் சீக்கிரம் போகாது.

உங்கள் மரத்துக்கு இல்லாதது குளிர். ஆப்பிள் மொட்டு முந்தின கோடையிலேயே உருவாகி, பிறகு உறங்கப் போகும். 7 டிகிரிக்குக் கீழே இத்தனை மணி நேரம் என்று கழிந்தால்தான் உறக்கம் கலையும். டெலிசியஸ் வகைகளுக்குச் சுமார் 1000 மணி நேரம். அன்னா, டார்செட் கோல்டன் போன்ற குறைகுளிர் ரகங்களுக்கு 300க்குள் போதும். உச்சிப்புளியில் மார்கழி விடியலில்கூட 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். வரவு பூஜ்யம்.

‘வெயில் தாங்கும்’ என்றது பொய்யில்லை, சூட்சுமமே அதில்தான். வெயிலைத் தாங்குவது வேறு, குளிரில்லாமல் பூப்பது வேறு. இமாசலப் பிரதேசத்து பிலாஸ்பூரில் உருவான எச்.ஆர்.எம்.என்-99 என்ற ஆப்பிள் ரகம் வடக்கே சமவெளியில் காய்க்கிறதென்றால், அங்கே கோடை கொளுத்தினாலும் ஜனவரி இரவு நடுக்குகிறது. முதல் வருடப் பூ, குளிர்ப்பிரதேசத்திலிருந்து கன்று கூடவே கொண்டுவந்தது. பூவோடு நிற்கும் கன்றைத்தான் வியாபாரி முன்வரிசையில் வைப்பார்.

மலையில் 1000 மீட்டர் ஏறினால் சுமார் 6 டிகிரி குறையும். 120 மீட்டருக்கு 4 நாள் வீதம் வசந்தம் தாமதமாகும் என்று 1918இல் அமெரிக்கப் பூச்சியியலாளர் ஹாப்கின்ஸ் கணக்குச் சொன்னார். அந்தக் கணக்கே இப்போது தளர்கிறது. ஆல்ப்ஸ் மலையில் 1000 மீட்டருக்கு 1960இல் 34 நாளாக இருந்த துளிர்ப்பு இடைவெளி 2016இல் 22 நாளாகிவிட்டது. மேலே சூடேறி மரங்கள் முந்துகின்றன. கீழே குளிர் போதாமல் அதே வேகத்தில் முந்த முடியவில்லை. இமாசலத்துக் குலு பள்ளத்தாக்கின் தாழ்ந்த சரிவுகளிலேயே ஆப்பிளை விட்டு மாதுளைக்கு மாறுகிறார்கள். கடல்மட்டத்தில் என்ன எதிர்பார்ப்பது!

உர மூட்டையில் சத்தின் அளவு அச்சிட வேண்டும். சந்தையில் விற்கும் கன்றுக்கோ ரகம் என்ன, குளிர் எத்தனை மணி நேரம் வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டிய அதிகாரிகள் கன்றைக் கையில் கொடுத்துப் படம் எடுப்பதோடு சரி. நீங்களே பாருங்கள்: தண்டின் அடியில், மண்ணுக்கு மேலே ஒட்டுப் புடைப்பு இல்லையென்றால் அது விதைக்கன்று, குளிர்நாட்டிலேயே காய்க்கப் பல வருடம் ஆகும். இரண்டும் ஒரே ரகமென்றால் பூத்தாலும் காய் பிடிப்பது கஷ்டம்.

குளிரே இல்லாமல் காய்க்க வைக்கும் வழி ஒன்று உண்டு. இந்தோனேசியாவின் ஜாவாத் தீவில் ‘பத்து’ (Batu) என்னும் ஊரின் மலைப்பகுதியில் அறுவடை முடிந்ததும், மொட்டு ஆழ்ந்து உறங்குமுன், இலை முழுவதையும் கையால் உருவிவிடுகிறார்கள். மொட்டு ஏமாந்து விழித்துக்கொள்ளும். வருடத்துக்கு இரண்டு அறுவடைகூட எடுப்பார்கள். ஆனால் அதுவும் 1000 மீட்டரை ஒட்டிய உயரம், இரவு இதமாக இருக்கும்.

ஒரு மரத்தில் மட்டும் முயன்று பாருங்கள். இப்போதே கிளைகளைக் கயிறு கட்டிப் படுக்கையாக இழுத்துவிடுங்கள். மழை ஓய்ந்து, தை பிறந்ததும் இரண்டு வாரம் தண்ணீரை நிறுத்துங்கள். நுனி வளர்ச்சி நின்று இலை கரும்பச்சையாய் முற்றியிருக்க வேண்டும். இளந்துளிர் இருக்கையில் உருவினால் இலைதான் திரும்ப வரும். காம்பை விட்டுவிட்டு இலையை மட்டும் கிள்ளி, அன்றே நிறையத் தண்ணீர் விடுங்கள். கிணற்றுத் தண்ணீர் கரித்தால் இந்த வேலையே வேண்டாம். ஆப்பிள் உப்பைத் தாங்காது, இலை ஓரம் கருகும்.

மற்ற மரத்தைப் பிடுங்கிவிட்டு அதே குழியில் ஒட்டு இலந்தை வையுங்கள். ‘ஆப்பிள்’ என்று சொல்லிச் சிலர் ஏமாற்றி விற்கும் ஆப்பிள் இலந்தையே ஆனாலும் சரி, உப்பும் வறட்சியும் அதற்குப் பழக்கம்.