பயணப் பெட்டி கட்டும் முன்: கேள்வி-பதில்

செவ்வாய்க்கிழமை ஒருநாள்தான் பாரிஸில் இருப்போம். லூவர் பார்த்துவிட முடியுமா? (பொள்ளாச்சி)

முடியாது. செவ்வாய் லூவருக்கு விடுமுறை. அன்று பாரிஸிலேயே உள்ள ஓர்சே அருங்காட்சியகம் திறந்திருக்கும், அங்கே போங்கள். ஓர்சேவுக்குத் திங்கள் விடுமுறை. விமான டிக்கெட் போடும் முன் மூடும் நாளைப் பாருங்கள் என்று எத்தனை முறை எழுதினாலும் இந்தக் கடிதம் வந்துகொண்டேதான் இருக்கிறது.

ஐரோப்பாவில் எதைப் பார்க்கலாம்? (தாராபுரம்)

எந்த ஊர், எத்தனை நாள், கூட வருவது யார்? இதையெல்லாம் எழுதாமல் கேட்டால் என்ன சொல்வது? விவரத்தோடு மறுபடி எழுதுங்கள்.

பனியன் ஆர்டர் விஷயமாக மான்செஸ்டர் போகிறேன். ஒருநாள் ஓய்வு இருக்கிறது. (திருப்பூர்)

விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே ஸ்டையல் என்ற ஊரில் குவாரி பேங்க் மில் இருக்கிறது. 1784இல் தொடங்கிய பஞ்சாலை. தண்ணீரால் சுற்றும் பெரிய சக்கரம், பழைய தறிகள் எல்லாம் உண்டு. ஒன்பது பத்து வயதுப் பிள்ளைகளை வேலைக்கு வைத்துத் தங்கவைத்த வீட்டையும் அப்படியே காத்து வைத்திருக்கிறார்கள். நூல் தொழிலில் இருப்பவர் அந்த வீட்டைப் பார்க்காமல் திரும்பக் கூடாது.

எங்கள் அப்பாரு காலத்தில் தோட்டத்தில் கிணறு வெட்டும்போது ரோமானியக் காசு நாலைந்து கிடைத்தது. லண்டன் போகும்போது பிரிட்டிஷ் மியூசியத்தில் காட்டி விலை கேட்கலாமா? (கரூர்)

வேண்டவே வேண்டாம். நூறு ஆண்டு தாண்டிய காசை அனுமதியில்லாமல் வெளிநாட்டுக்குக் கொண்டுபோவது 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி குற்றம். மண்ணில் கிடைத்த புதையல் பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. இத்தனை காலம் சொல்லாமல் விட்டிருந்தாலும் இப்போதாவது சொல்லுங்கள். தவிர, விலை மதிப்பிட்டுச் சொல்லும் வழக்கம் அந்த மியூசியத்தில் கிடையாது.

எனக்கு இதில் தீராத வருத்தம் உண்டு. ரோமப் பேரரசர்கள் அகஸ்டஸ், டைபீரியஸ் தலை பொறித்த வெள்ளிக்காசுகள் நம் கொங்கு மண்ணில் குவியலாகக் கிடைத்திருக்கின்றன. எந்தத் தோட்டம், எத்தனை அடி ஆழம், கூடவே என்ன பானை ஓடு கிடந்தது என்பது தெரிந்தால்தான் அந்தக் காசு பேசும். இடம் தெரியாத காசு வெறும் வெள்ளி. இருபது வருடங்களுக்கு முன் இப்படி ஒரு குவியலைப் பற்றிக் கேள்விப்பட்டு நகைப்பட்டறைக்கு ஓடினேன். முந்தின நாளே உருக்கிவிட்டார்கள். ஒரு காசுகூட மிஞ்சவில்லை. அதனால்தான் சொல்கிறேன்: காசைத் தேய்க்காதீர்கள், புளி போட்டுக் கழுவாதீர்கள், விற்காதீர்கள். கரூரிலேயே அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. முதலில் அங்கே போய் விவரம் கேளுங்கள்.

லண்டனில் கையை வீசிக்கொண்டு போய் பிரிட்டிஷ் மியூசியத்தின் 68ஆம் அறையைப் பாருங்கள். காசுகளுக்கென்றே உள்ள அறை, நுழைவு இலவசம்.

எழுபது வயது அம்மாயியை அங்கோர்வாட் கூட்டிப்போகலாமா? (கோபி)

தாராளமாக. உச்சி அடுக்குக்கு ஏறும் படிகள் மட்டும் ரொம்பச் செங்குத்து, அவர் கீழேயே இருக்கட்டும். கிழக்குச் சுற்றில் பாற்கடல் கடையும் சிற்பம் ஐம்பது மீட்டர் நீளத்துக்குப் போகிறது. அதைப் பார்க்கவே ஒரு காலைப்பொழுது வேண்டும். நீங்கள் மேலே ஏறுவதானால் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். பௌத்தப் புனித நாட்களில் உச்சி அடுக்கை மூடிவிடுவார்கள். நாள் பார்த்துப் போங்கள்.

கொழும்பில் தமிழ் சம்பந்தமாக ஏதாவது? (ஈரோடு)

தேசிய அருங்காட்சியகத்தில் 1409ஆம் ஆண்டுக் கல்வெட்டு, காலி என்ற ஊரில் கிடைத்தது. சீனம், தமிழ், பாரசீகம் மூன்றும் ஒரே கல்லில்.

இத்தாலியில் பாம்பேய் மட்டும் பார்த்தால் போதுமா? (காங்கேயம்)

போதாது. எரிமலைச் சாம்பலில் புதைந்த அந்த ரோமானிய ஊரில் தோண்டியெடுத்த நல்ல பொருள்களில் பெரும்பாலானவை நேப்பிள்ஸ் தொல்பொருள் அருங்காட்சியகத்தில்தான் இருக்கின்றன. 1938இல் கிடைத்த, நம் நாட்டில் செதுக்கிய தந்தப் பெண்சிலையும் அங்கேதான். பாம்பேயை மூடிய அதே 79ஆம் ஆண்டு எரிமலைச் சீற்றத்தில் உயிர்விட்ட ரோமானிய எழுத்தாளர் பிளினி, பெரில் என்ற ரத்தினக் கல் இந்தியாவை விட்டால் வேறெங்கும் அரிது என்று எழுதி வைத்தவர். உங்கள் ஊருக்குப் பக்கத்துப் படியூர் அந்தக் கல்லுக்குப் பேர்போன இடம். போகும் முன் படியூரையும், பழங்காலத்தில் கல்மணி செய்த கொடுமணலையும் ஒருநாள் பார்த்துவிடுங்கள். நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்துக்கும் செவ்வாய்தான் விடுமுறை.