மாவுச்சத்தும் கடைசியில் குளுக்கோஸ்தானே, சர்க்கரையை மட்டும் ஏன் குறை சொல்கிறார்கள்?

நியாயமான கேள்விதான். சர்க்கரை ஒரு கிராமுக்கு 4 கலோரி, மாவுச்சத்தும் அதே 4. மொத்தக் கலோரியை மாற்றாமல், மற்ற மாவுப்பொருளுக்குப் பதில் சர்க்கரை கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில் எடை பெரிதாக மாறவில்லை. சர்க்கரை கூடும்போது மொத்தக் கலோரியும் நமக்குத் தெரியாமலே கூடிவிடுகிறது என்பதுதான் வம்பு.

முதல் குற்றவாளி குடிக்கும் சர்க்கரை. 330 மி.லி. கோலா டப்பாவில் சுமார் 35 கிராம், அதாவது எட்டு ஒன்பது தேக்கரண்டி, 140 கலோரி. அதே கலோரிக்கு ஒன்றரை ஆப்பிள் தின்னலாம். ஆப்பிளை மென்றாக வேண்டும், நார்ச்சத்து வயிற்றை நிரப்பும். கோலா இரண்டே நிமிடத்தில் உள்ளே போய்விடும். அதற்காக அடுத்த வேளைச் சாப்பாட்டில் 140 கலோரியை உடல் கழித்துக்கொள்வதில்லை. தினம் ஒன்று என்றால் வருடத்துக்கு 51,000 கலோரி. ஒரு கிலோ உடல் கொழுப்புக்கு 7,700 கலோரி என்ற கணக்கில் இதை வகுத்து 'ஆறரை கிலோ ஏறும்' என்று சிலர் பயமுறுத்துவார்கள். அப்படியே ஏறாது. எடை கூடினால் உடலின் செலவும் கூடும், ஓரிடத்தில் நின்றுவிடும். ஆனால் அந்தப் பழக்கம் இருக்கும்வரை ஏறியது இறங்கவும் இறங்காது.

இரண்டாவது, ஃப்ரக்டோஸ். சர்க்கரையில் பாதி குளுக்கோஸ், பாதி ஃப்ரக்டோஸ். குளுக்கோஸை எல்லாத் திசுக்களும் எரிக்கும். ஃப்ரக்டோஸ் ஒரே நேரத்தில் அதிகம் வந்தால் பெரும்பகுதி கல்லீரலுக்குப் போய், அதில் ஒரு பங்கு கொழுப்பாக மாறும். ரத்தத்தில் டிரைகிளிசரைடு என்ற கொழுப்பு ஏறுவதும் கல்லீரலில் கொழுப்பு படிவதும் இதன் தொடர்ச்சி. முழுப் பழத்தில் இந்தப் பயம் வேண்டாம், மெதுவாகத்தான் வந்து சேரும். ஜூஸ் அப்படியல்ல, உலக சுகாதார நிறுவனம் பழச்சாற்றையும் தேனையும் சர்க்கரைக் கணக்கிலேயே சேர்க்கிறது. 2015-இல் அது சொன்ன வரம்பு, மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்குள். 5-க்குள் என்றால் இன்னும் நல்லது. 2,000 கலோரி சாப்பிடுபவருக்கு அது 50 கிராம், 25 கிராம். ஒரு டப்பா கோலாவே இரண்டாவது அளவைத் தாண்டிவிடுகிறது.

குறைப்பதைப் பானத்திலிருந்து தொடங்குங்கள், பலன் அங்கேதான் அதிகம். டீ, காபியில் ஒரேயடியாக நிறுத்தினால் பலரும் நாலாம் நாள் பழையபடி போட்டுக்கொள்வார்கள். வாரத்துக்கு அரைத் தேக்கரண்டி குறைத்தால் நாக்கு பழகிவிடும். சர்க்கரைக்குப் பதில் தேன் என்பது வீண் வேலை, தேனில் ஏறக்குறைய 80 சதவீதம் சர்க்கரைதான். செயற்கை இனிப்பூட்டிகளை எடைக் குறைப்புக்கு நம்ப வேண்டாம் என்று 2023-இல் அதே நிறுவனம் பரிந்துரைத்தது. ஆனாலும் கோலாவை விடமுடியாதவர் சில வாரம் இடைக்காலமாக டயட் வகைக்கு மாறுவதில் தவறில்லை என்பது என் கருத்து.

லேபிளில் 'ஒரு பரிமாறலுக்கு' என்ற வரியை நம்பாதீர்கள், 100 கிராமுக்கு எவ்வளவு என்று பாருங்கள். டெக்ஸ்ட்ரோஸ், குளுக்கோஸ் சிரப், பழச்சாறு செறிவு எல்லாமே சர்க்கரையின் மாற்றுப்பெயர்கள். சுவையூட்டிய தயிரில் 12 கிராம் என்றிருந்தால் அதில் ஐந்து கிராம்போலப் பாலுக்கே உரிய லாக்டோஸ் என்ற சர்க்கரை, மீதி மட்டுமே சேர்த்தது. 'சுகர் ஃப்ரீ' பிஸ்கட் வாங்கினால் கலோரி வரியையும் படியுங்கள்: மாவும் கொழுப்பும் அப்படியே இருப்பதால் சாதா பிஸ்கட்டை விடப் பெரிதாகக் குறைந்திருக்காது, 'ஃப்ரீ' என்ற தைரியத்தில் இரண்டு கூடுதலாகவும் போகும்.