பூ மார்க்கெட்டில் எடை போடும் பி.காம். பையன்: ஓர் அம்மாவுக்குப் பதில்

அம்மா, நீங்கள் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். பி.காம். முடித்த பையன் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடையில் எடை போடுகிறான், சொந்தக்காரர்கள் கேட்டால் வாய் திறக்க முடியவில்லை, எப்படியாவது பேசி குரூப் 4 கோச்சிங்கில் சேர்த்துவிடுங்கள் என்கிறீர்கள். சரி, பேசுகிறேன். ஆனால் முதலில் உங்களிடம்தான் பேச வேண்டியிருக்கிறது.

வேலையின் பேரைப் பார்த்துக் கலங்காதீர்கள். அவன் யார் பக்கத்தில் நிற்கிறான், அந்த ஆள் அவனுக்கு எதைக் காட்டுகிறார் என்று பாருங்கள். பின்னால் சொந்தத் தொழில் செய்யப்போகிற பையனுக்கு இதுதான் முக்கியம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பூ வியாபாரம் லேசுப்பட்டதில்லை. மளிகைக் கடையில் தப்பான விலைக்குச் சரக்கு எடுத்தால் மூட்டை மாதக்கணக்கில் கிடக்கும், நஷ்டம் மெதுவாகத்தான் தெரியும். மல்லிகையை விடிவதற்குள் மொட்டாகப் பறித்துக் கொண்டுவருகிறார்கள், விரிவதற்குள் விற்றாக வேண்டும், காலையில் எடுத்த முடிவு சரியா தப்பா என்று மதியத்துக்குள் தெரிந்துவிடும். முகூர்த்த நாள் வந்தால் விலை ஒரேயடியாக ஏறும், மார்கழிப் பனியில் வரத்து குறைந்து கிலோ ஆயிரக்கணக்கில் போகும், அப்புறம் வெயில் காலத்தில் வரத்து கொட்டும்போது மிஞ்சியதைச் செண்ட் கம்பெனிக்குக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட வேண்டியதுதான். எந்த விவசாயிக்கு முன்பணம் கொடுக்கலாம், எந்த வியாபாரியின் பாக்கி வரும், எது வராது, பழகிய ஆளிடம் முகம் கோணாமல் "இன்றைக்குக் கடன் இல்லை" என்று எப்படிச் சொல்வது, இதெல்லாம் பி.காம். பாடத்தில் வந்ததா என்று அவனையே கேட்டுப் பாருங்கள். கடனும் வரவும் அவன் கல்லூரியில் படித்ததுதான், ஆனால் பேரேட்டில் ஒரு பேருக்கு நேராக நிற்கிற பாக்கியை நேரில் போய் வாங்கி வருகிறபோதுதான் அது மண்டையில் ஏறும்.

இது நம் பக்கத்துக்குப் புதிதும் இல்லை. காரைக்குடிப் பக்கம் நகரத்தார் வீடுகளில் வசதிக்குக் குறைவில்லாத குடும்பத்துப் பிள்ளைகளைக்கூட அந்தக் காலத்தில் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் பெட்டியடிப் பையனாக, அதாவது கடையில் எடுபிடியாக இருந்து தொழில் பழகும் பையனாக, அனுப்புவார்கள். கூட்டிப் பெருக்கி, கணக்கு எழுதிப் பழகி, அடுத்தாளாகி, அப்புறம்தான் பொறுப்பு கைக்கு வரும். இன்றைய முருகப்பா குழுமம் 1900-ல் பர்மாவின் மௌல்மேனில் ஒரு வட்டிக்கடையாகத் தொடங்கியது. தொடங்கிய முருகப்பச் செட்டியாருக்கு அப்போது 16 வயது இருக்கும், அதற்கு முன்பே உறவினர் கடையில் வேலை பழகியிருந்தார்.

வெளிநாட்டிலும் இப்படித்தான். வால்மார்ட்டைத் தொடங்கிய சாம் வால்டன் பட்டம் வாங்கிய கையோடு 1940-ல் அமெரிக்காவின் டெ மாய்ன் நகரில் ஜே.சி.பென்னி ஜவுளிக்கடையில் மாதம் 75 டாலருக்குச் சேர்ந்தார். ஒருநாள் கடை நிறுவனர் பென்னியே அங்கே வந்து, கொஞ்சம் நூலும் கொஞ்சம் காகிதமும் வைத்துப் பொட்டலத்தை எப்படி அழகாகக் கட்டுவது என்று அந்தப் பையனுக்குச் செய்து காட்டினார். அத்தனை கடைகளுக்குச் சொந்தக்காரர், ஒரு முழ நூலில் எவ்வளவு மிச்சம் பிடிக்கலாம் என்று பார்க்கிறார்! வால்டன் தன் முதல் வால்மார்ட்டைத் திறந்தது 1962-ல். செலவைச் சுருக்கி விலையைக் குறைப்பதுதான் கடைசி வரை அவருடைய வியாபாரம்.

அதற்காக எல்லா முதலாளியும் குரு ஆகிவிட மாட்டார், இதையும் சொல்லியாக வேண்டும். பையன்களைப் பத்து வருஷம் கூடை தூக்கவே வைத்திருந்து, கல்லாப் பக்கம் அண்டவிடாத ஆட்கள் எல்லா மார்க்கெட்டிலும் உண்டு. உங்கள் பையனுடைய முதலாளி எப்படிப்பட்டவர்? சாப்பிடும்போது சாதாரணமாகக் கேளுங்கள்: இன்றைக்கு என்ன விலை, ஏன் அந்த விலை, சிட்டை யார் எழுதுகிறார், பாக்கி கேட்க உன்னை அனுப்புகிறாரா, தப்பு செய்தால் திட்டிவிட்டு விடுகிறாரா, இல்லை எங்கே தப்பு என்று காட்டுகிறாரா? சம்பளம் என்ன என்பதை மட்டும் கேட்டு நிறுத்திவிடாதீர்கள். அவன் கண் விரிந்து சொல்லிக்கொண்டே போனால் அங்கேயே இருக்கட்டும். ஒரு வருஷம் கழித்தும் "எடை போட்டேன், வந்தேன்" என்பதற்கு மேல் ஒன்றும் இல்லையென்றால், நானே அவனை அங்கிருந்து கிளம்பச் சொல்வேன்.

குரூப் 4 எங்கும் ஓடிவிடாது. அவனுக்கு 22 வயதுதான், எழுத இன்னும் வருஷங்கள் இருக்கின்றன, மதியத்துக்கு மேல் கடை ஓய்ந்துவிடுவதால் விருப்பம் இருந்தால் மாலையில் படிக்கலாம். விருப்பம் இருந்தால் மட்டும். சொந்தமாகத் தொழில் என்று அவனே வாய்விட்டுச் சொல்கிற நாளில் மாவட்டத் தொழில் மையத்துக்குக் கூட்டிப் போங்கள், புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்களுக்கான தமிழக அரசின் நீட்ஸ் திட்டத்தில் 25 சதவீத மூலதன மானியத்தோடு கடன் உண்டு, பயிற்சியும் தருகிறார்கள். மதுரை மல்லிக்கு 2013-லேயே புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. பூவும் தெரிந்து கணக்கும் தெரிந்த ஒரு பையனுக்கு அதில் இடம் இருக்கிறது.

அடுத்த வாரம் அவனைக் கூட்டி வாருங்கள். முகூர்த்த நாளாகப் பார்த்து மட்டும் வந்துவிடாதீர்கள், அன்றைக்கு அவனுக்கு லீவு கிடைக்காது.