பெடலைத் தொட்டதும் லைட் எரியணும்: பழைய வண்டிகளின் பிரேக் லைட் சுவிட்ச், கேள்வி பதில்

பழைய அம்பாசடர், மோரிஸ் மைனர், ஜீப் வகையறாக்களில் பிரேக் லைட் சுவிட்ச் பிரேக் ஆயில் லைனிலேயே முறுக்கப்பட்டிருக்கும். அதை விட்டுவிட்டு, பெடல் அசைவிலேயே வேலை செய்யும் மெக்கானிக்கல் சுவிட்ச் போடுவது பற்றி நீலகிரியிலிருந்து வந்த கேள்விகள் இவை.

குன்னூர்: அண்ணா, அம்பாசடருக்குப் புது ஆயில் சுவிட்ச் போட்டு எட்டு மாசம்கூட ஆகலை. ஓங்கி மிதிச்சாத்தான் லைட் எரியுது. சுவிட்ச் டூப்ளிகேட்டா?

டூப்ளிகேட்டா இருக்கலாம், ஆனா ஒரிஜினலும் இதே பாதையிலதான் போகும். ஆயில் அழுத்தம் ஒரு அளவுக்கு ஏறினாத்தான் உள்ளே காண்டாக்ட் சேரும். 12 வோல்ட், 21 வாட் பல்ப் ரெண்டு எரிய 3.5 ஆம்பியர் வேணும். பல்ப் இழை குளிர்ந்திருக்கிற முதல் நொடியில அதைப்போல பல மடங்கு இழுக்கும். அந்தப் பொறியில காண்டாக்ட் கருகிக் கருகி, சேர இன்னும் அதிக அழுத்தம் தேவைப்படும். மேட்டுப்பாளையம் ரோட்டில 14 கொண்டை ஊசியையும் செகண்ட் கியர்ல, பிரேக்கை லேசா தொட்டுத் தொட்டு இறங்கறீங்க. அந்தத் தொடலுக்கு லைட் எரியாது. மூடுபனியில பின்னால வர்ற பஸ்காரருக்கு நீங்க வேகம் குறைக்கிறதே தெரியாது.

மாத்தறதுக்கு முன்னாடி ஒரு சோதனை. சாவியைப் போட்டு, சுவிட்ச்ல இருக்கிற ரெண்டு ஒயரையும் கழட்டி ஒண்ணோட ஒண்ணு தொடுங்க. லைட் பளிச்சுன்னு எரிஞ்சா சுவிட்ச்தான் குற்றவாளி. எரியலைன்னா பியூஸ், பல்ப், எர்த் (கரண்ட் பாடி வழியா பேட்டரிக்குத் திரும்பற இணைப்பு) பாருங்க.

கோத்தகிரி: கடையில என்ன சொல்லிக் கேட்கறது? மூணு விதமா எடுத்துக் காட்டுறாங்க.

நமக்கு வேண்டியது ரெண்டே வகை. ஒண்ணு, கார் பெடலுக்கு மேல வர்ற பட்டன் சுவிட்ச். உடம்பு முழுக்க மரை, ரெண்டு லாக் நட், ரெண்டு முனை. இன்னொண்ணு, பைக்கோட பின் பிரேக்குக்கு வர்ற இழுவை சுவிட்ச், ஸ்பிரிங்கோட. தொங்கும் பெடலுக்கு முதல் வகை. தரையிலிருந்து மேலே வர்ற பெடலுக்கு ரெண்டாவது சுலபம், ஆனா வண்டிக்கு அடியில மாட்டினா சேறு குடிச்சே செத்துடும்.

ஏமாற இடம் ஒண்ணு இருக்கு. ரிவர்ஸ் லைட் சுவிட்ச் பார்க்க இதே மாதிரி இருக்கும், ஆனா பட்டன் அமுங்கினா ஆன். நமக்கு அமுங்கினா ஆஃப், வெளியே வந்தா ஆன். கடையிலேயே டெஸ்ட் லாம்ப் வச்சுப் பார்த்துடுங்க. கதவு சுவிட்ச் வேண்டவே வேண்டாம், அது பாடி வழியா எர்த் கொடுக்கிற ஜாதி. லாக் நட்டையும் சேர்த்தே வாங்குங்க, அந்தப் பொடி மரைக்குத் தனியா நட் தேடினா அலையணும்.

லவ்டேல்: பட்டன் வகை வாங்கிட்டேன் சார். எங்கே மாட்டறது, எப்படி செட் பண்றது?

3 மி.மீ. கனம், 25 மி.மீ. அகல இரும்புப் பட்டையை எல் மாதிரி வளைச்சு, பெடல் மாட்டியிருக்கிற பிராக்கெட்லயே ரெண்டு 6 மி.மீ. போல்ட், ஸ்பிரிங் வாஷர் போட்டு இறுக்குங்க. தரைத் தகடு வேண்டாம். கால் வச்சாலே அது அசையும், அசைஞ்சா செட்டிங் போச்சு.

பட்டன் பெடல் தண்டை எங்கே தொடுதுங்கிறது முக்கியம். பெடல் அச்சிலிருந்து மிதிகட்டை 250 மி.மீ. தூரம், பட்டன் 75 மி.மீ. தூரம்னு வச்சுக்குங்க. கால் 10 மி.மீ. அமுக்கினா பட்டன் 3 மி.மீ. வெளியே வரும். அது போதும். அச்சுக்கு இன்னும் கிட்ட போனா அசைவு பத்தாது. தண்டு உருண்டையா இருந்தா 20 மி.மீ. சதுரத் தகடு ஒண்ணு பத்த வைங்க, இல்லேன்னா பட்டன் ஒரு பக்கமா வழுக்கி வளைஞ்சுடும்.

செட்டிங்குக்கு முன்னாடி பிரேக் சரியா இருக்கணும். ஷூ (டிரம்மை உள்ளிருந்து அழுத்தற பிரேக் கட்டை) அட்ஜஸ்ட் பண்ணி, மாஸ்டர் சிலிண்டர் (பெடல் மிதியை ஆயில் அழுத்தமா மாத்தற பாகம்) ராடுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே 1 மி.மீ. ஆட்டம் இருக்கான்னு பாருங்க. பெடல் 5 மடங்கு நெம்புகோலா இருந்தா அது காலடியில 5 மி.மீ. ஆகத் தெரியும். இந்த ஆட்டத்தைச் சுவிட்ச் தின்னக் கூடாது.

இப்போ சுவிட்சைப் பெடல் பக்கமா முறுக்குங்க. லைட் அணையற இடத்திலிருந்து இன்னும் அரைச் சுற்று, அவ்வளவுதான். சுவிட்ச் உடம்புக்கும் பெடலுக்கும் நடுவே 1 மி.மீ. வெளிச்சம் தெரியணும். கையாலேயே அமுக்கிப் பாருங்க, 5 முதல் 10 மி.மீ.க்குள்ள எரியணும். லாக் நட் இறுக்கும்போது சுவிட்சும் கூடவே திரும்பும். பாதிப் பேர் இதுலதான் கோட்டை விடறாங்க. உடம்பைப் பிடிச்சுக்கிட்டு இறுக்குங்க, இறுக்கின பிறகு மறுபடி அளவு பாருங்க. கடைசியா எஞ்சினை ஓட விட்டு, பெடலைத் தொடாம பின்னால போய் லைட் சிமிட்டுதான்னு கவனிங்க.

கூடலூர்: மாட்டின மறுநாள் நடுவட்டம் இறக்கத்தில முன் வீல் ரெண்டும் தொட முடியாத சூடு. பிரேக் ஒட்டுது. சுவிட்சுக்கும் இதுக்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு, உடனே வண்டியை ஓரங்கட்டுங்க. சுவிட்சை அதிகமா முறுக்கியிருந்தா பெடல் முழுசா திரும்பாது. பிஸ்டனும் கடைசி வரை பின்னால வராது. மாஸ்டர் சிலிண்டர்ல ஆயில் டாங்க்குக்குத் திரும்பிப் போற பொடித் துளை ஒண்ணு உண்டு, அது மூடியே கிடக்கும். சூட்டில விரியற ஆயிலுக்கு வழியில்லாம ஷூ டிரம்மை இன்னும் அழுத்தும், அதனால இன்னும் சூடு. கடைசியில ஆயில் கொதிச்சா பெடல் தரைக்குப் போகும்.

வீல் ஆறின பிறகு ஜாக்கி வச்சுத் தூக்கி, லாக் நட்டைத் தளர்த்தி, சுவிட்சை ரெண்டு சுற்று பின்வாங்குங்க. வீல் லேசா சுத்தினா காரணம் கிடைச்சாச்சு. சுத்தலைன்னா அந்த வீல் பிளீடர் நிப்பிளை, அதாவது ஆயிலையும் ஏரையும் வெளியே விடற திருகை, கால் சுற்று திறங்க. ஆயில் பீய்ச்சி வீல் விட்டுச்சுன்னா துளை அடைப்பு, இல்லேன்னா உள்ளே வீங்கின ஹோஸ். அப்பவும் விடலைன்னா ஷூவும் வீல் சிலிண்டரும்தான்.

மஞ்சூர்: காலையில பேட்டரி செத்துக் கிடக்கு. ராத்திரி பூரா பிரேக் லைட் எரிஞ்சிருக்கு.

பட்டனோட ஸ்பிரிங் பெடலை எப்பவும் கீழேதான் தள்ளும். ரிட்டன் ஸ்பிரிங் தளர்ந்திருந்தா பெடல் கொஞ்சம் இறங்கியே நிக்கும், லைட் எரியும். 3.5 ஆம்பியர், 10 மணி நேரம்னா 35 ஆம்பியர்-அவர். பேட்டரி தாங்காது. புது ரிட்டன் ஸ்பிரிங் போடுங்க. சப்ளையைச் சாவிக்குப் பின்னால வர்ற பச்சை ஒயர்ல எடுங்க. லூகாஸ் கலர் முறையில பியூஸ் தாண்டி வர்றது பச்சை, சுவிட்ச்லருந்து பல்புக்குப் போறது கத்தரிப்பூ கோடு போட்ட பச்சை. ஒயர் மாத்தறதா இருந்தா 1 சதுர மி.மீ.

அரவங்காடு: ரிலே தேவையா? எல்இடி பல்ப் போட்டா?

ரிலேன்னா சின்னக் கரண்ட்ல பெரிய கரண்டை ஆன் பண்ற சுவிட்ச். பைக் சுவிட்ச் போட்டா அது கட்டாயம்னே சொல்வேன், பைக் சுவிட்ச் காண்டாக்ட் சின்னது. நாலு கால் ரிலேல கால்களுக்கு எண் இருக்கும்: 30ல பியூஸ் வழியா சப்ளை, 87ல பல்ப். 86க்கு சுவிட்ச் லைன், 85 எர்த். காயிலுக்குக் கால் ஆம்பியர்கூட வராது, சுவிட்ச் ரொம்ப நாள் உழைக்கும். 6 வோல்ட் ஜீப்ல அதே வாட்டுக்கு 7 ஆம்பியர், அதுல ரிலே இல்லாம ஆரம்பிக்கவே வேண்டாம், ரிலேயும் 6 வோல்ட்டா இருக்கணும்.

எல்இடி தாராளமா போடலாம். ஆனா பேட்டரியோட பாசிட்டிவ் முனையைப் பாடியில மாட்டியிருக்கிற பாசிட்டிவ் எர்த் வண்டியா இருந்தா சாதாரண எல்இடி எரியாது.

ஊட்டி: பழைய ஆயில் சுவிட்சைக் கழட்டணுமா?

கசியலைன்னா அங்கேயே இருக்கட்டும். ஒயரைக் கழட்டி டேப் சுத்துங்க, பிரேக் லைன்ல புகுந்த ஏர் எடுக்கிற வேலை மிச்சம். கசிஞ்சா கழட்டி, அதே மரைக்குச் சரியான பிளக் போட்டு ஏர் எடுங்க. பக்கத்து மரை பிளக்கை டேப் சுத்தி ஏத்தற வேலை மட்டும் வேண்டாம், அது பிரேக் லைன்.

கோத்தகிரி: பிரேக் மிதிச்சா இண்டிகேட்டரும் மங்கலா எரியுதே, புது சுவிட்சாலயா?

இல்ல. பின் லைட் ஹோல்டர்ல எர்த் போச்சு, மழையும் பனியும் பிடிச்ச துரு. உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, ஹோல்டர்லருந்து பாடிக்குத் தனி எர்த் ஒயர் ஒண்ணு இழுங்க.